தாடி ஓணானின் கரண்ட் பில்

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் பியர்டட் டிராகன் என்ற ஓணான் வகையை வளர்க்கிறானாம். "ஹீட்டர் போட யோசித்து நாங்கள் வீட்டுக்குள் ஸ்வெட்டரோடு திரிகிறோம். அது மட்டும் 100 வாட்ஸ் பல்புக்கடியில் ராஜா மாதிரி படுத்திருக்கிறது. எல்.ஈ.டி.க்கு மாற்றிவிடலாமா?"

கவலை நியாயமானதுதான். பிரிட்டனில் 2022 அக்டோபரில் மின்சாரம் யூனிட்டுக்குச் சராசரியாக 34 பென்ஸ் ஆனது. 100 வாட்ஸ் பல்பு 12 மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட், அந்த விலையில் நாளைக்கு 41 பென்ஸ். அதற்கு வேண்டிய புற ஊதா டியூப்லைட் செலவு தனி.

முதலில் அந்தப் பிராணி. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுக்காரர். நம்மூர் வேலி ஓணானுக்குப் பங்காளி முறை, இரண்டும் ஒரே அகமிடே குடும்பம். அதனால் தாடி ஓணான் என்றே வைத்துக்கொள்வோம். உடம்புக்குள் அடுப்பு கிடையாது. அதே எடையுள்ள பாலூட்டி தின்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும். சாப்பாட்டில் மிச்சமாவதைக் கரண்டில் கறந்துவிடுகிறது! வெளியிலிருந்து சூடு வராவிட்டால் தின்ற புழுகூடச் செரிக்காது. அதனால் காலையில் முதுகைக் கருக்கி, உடம்பைத் தட்டையாக்கி வெளிச்சத்துக்குக் காட்டும்; சூடேறியதும் வெளிறும். நம்மூர் ஓணானும் வெயில் காயத்தான் வேலியில் ஏறி உட்காருகிறது. ராமருக்கு அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்ற கதையை நம்பி எத்தனை ஓணான்களைக் கல்லால் அடித்திருக்கிறோம்! அதில் நானும் ஒரு பாவி.

சரி, எல்.ஈ.டி. வேண்டாம். குண்டு பல்பை நாம் ஒதுக்கியதே, வாங்கும் மின்சாரத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சூடாகப் போகிறது என்பதால்தான். ஓணானுக்கு வேண்டியதே அந்தச் சூடுதான். ஹாலஜனும் அதே ஜாதி. ஓணான் இருக்கும் பெட்டிக்கு வெறும் வெளிச்சம் தரும் விளக்கு வேறு இருந்தால், அதை மட்டும் எல்.ஈ.டி. ஆக்கலாம்.

மிச்சம் பிடிக்க எனக்கு மிகவும் பிடித்த வழி, கடையில் எதுவும் வாங்காத வழி: ஓணான் படுக்கும் கல்லை உயர்த்துவது.

பல்பின் சூடு பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிராக வருகிறது. நடுவில் உள்ள காற்றைச் சூடாக்கிக்கொண்டு வருவதில்லை. நேரே வந்து முதுகில் இறங்குகிறது. மார்கழிக் காலையில் காற்று சில்லென்று இருக்க, வெயிலில் நின்றால் முதுகு மட்டும் சுடுமே, அதுதான். இந்தக் கதிர் போகப் போக விரிகிறது. தூரம் இரண்டு மடங்கானால் அதே கதிர் நான்கு மடங்கு பரப்பில் பரவ வேண்டும். ஓரிடத்தில் விழுவது கால் பங்காகிவிடும். பள்ளியில் படித்த எதிர் இருமடி விதி. இதைத் திருப்பிப் போடுங்கள். பல்புக்கும் கல்லுக்கும் இடையே 40 செ.மீ. இருந்ததை 30 ஆக்கினால், கல்லில் விழும் சூடு கிட்டத்தட்ட 1.8 மடங்கு. அதாவது 100 வாட்ஸ் செய்த வேலையை 60 வாட்ஸ் செய்துவிடும். பின்புறம் பிரதிபலிப்பான் உள்ள ஸ்பாட் பல்பில் கணக்கு இவ்வளவு கறாராக வராது, ஆனால் போகும் திசை இதுதான். 40 வாட்ஸ் குறைந்தால், அந்த 34 பென்ஸ் விலையில் மாதத்துக்கு 5 பவுண்டு கையில் நிற்கும்.

கல் சூடாகிவிட்டது. ஆனால் பல்பு சிறிதானதால் பெட்டிக்குள் இறங்கும் மொத்தச் சூடு குறைந்துவிட்டது. குளிர்ந்த மூலையிலும் 24 டிகிரியாவது வேண்டும். இங்கேதான் ஒழுகலைக் கவனிக்க வேண்டும். பெட்டி இழக்கும் சூடு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. உள்ளே சராசரி 28 டிகிரி என்றால், அறை 20 டிகிரியில் இருக்கும்போது வித்தியாசம் 8. பில்லுக்குப் பயந்து அறையை 16 டிகிரியில் விட்டால் வித்தியாசம் 12; இழப்பு ஒன்றரை மடங்கு! வீட்டு ஹீட்டரில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியை ஓணான் பெட்டி விழுங்கிவிடும். கண்ணாடி மரத்தைவிட ஏழெட்டு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். மரமோ ஃபோம் அட்டையைவிட நாலு மடங்கு. கண்ணாடித் தொட்டிக்குப் பதில் மரப்பெட்டி வைத்து, பின்புறமும் பக்கங்களும் வெளியிலிருந்து ஃபோம் அட்டை ஒட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. விளக்கு மாட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஃபோம் போகக் கூடாது, தீப்பிடிக்கும். காற்றுத் துளைகளையும் அடைக்காதீர்கள். ஈரம் தங்கினால் நுரையீரலைப் பிடிக்கும். இரவில் வீடு 18 டிகிரிக்குக் கீழே போகாதென்றால் பல்பை அணைத்துவிடலாம், பாலைவன இரவும் குளிர்தானே.

கை வைக்கக் கூடாதது புற ஊதா டியூப். அந்தக் கதிர் பட்டால்தான் தோலில் வைட்டமின் டி உருவாகும். இல்லையேல் எலும்பு ரப்பராகும். ஜன்னலோரம் வைத்தால் போதாதா என்றால் போதாது, ஜன்னல் கண்ணாடி அதைத் தடுத்துவிடும். கல்லை உயர்த்தும்போது டியூபும் கிட்டத்தில் வந்துவிடும். அதன் அட்டையில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தூரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு உயர்த்துவது? கல்லின் மேற்பரப்பு 40 டிகிரியை ஒட்டி இருந்தால் சரி. துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கும் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. அப்புறம் ஓணானைப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்தும் கருத்த முதுகோடு அப்படியே ஒட்டிக் கிடந்தால் கல்லை இன்னும் ஓர் அங்குலம் ஏற்றுங்கள். வெளிறிப்போய் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் ஓர் அங்குலம் இறக்குங்கள்.