பிரிண்டர் இருக்கு எண்டு மட்டும் சொல்லிப்போடாதீங்கோ

திருகோணமலை உவர்மலையில நாங்க கொஞ்சப் பேர் ஞாயிறு பின்னேரம் கூடி, மேசையைச் சுத்தி இருந்து ஆளுக்கொரு பாத்திரமா விண்வெளிக் கதை ஓட்டுற ஸ்பேஸ் ரோல்பிளே விளையாடுறது, அதுக்கு இந்த மாசமும் ஒரு தம்பி புதுக் கொலனி ஒண்டு எழுதிக்கொண்டு வந்தார். 300 வருஷமா வெளிக்கப்பல் எட்டிப்பாக்காத கிரகம், சனம் மொத்தம் 400, ஆனா ஊரை மூடின கண்ணாடி டோம் மினுங்குது, லிஃப்ட் ஓடுது, ரோபோ தேத்தண்ணி கொண்டுவந்து குடுக்குது. எப்பிடித் தம்பி எண்டு கேட்டா, "அண்ணே, அவங்களிட்ட பிரிண்டர் இருக்கு". என்ன சாமான் எண்டாலும் அடிச்சு எடுக்கிற 3D பிரிண்டராம். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. நான் பகலில கொட் பே பக்கம் ஐஸ் பிளான்டில கொம்பிரசர் பாக்கிற ஆள், சாமான் வராட்டி மெஷின் என்ன பாடு படும் எண்டு தெரிஞ்சு வச்சிருக்கத்தான் எனக்குச் சம்பளம், அதால இதை எழுதாம விடேலாது.

காத்து, தண்ணி, சாப்பாடு பற்றி நீங்க எல்லாரும் நல்லாவே யோசிக்கிறீங்க. சர்வதேச விண்வெளி நிலையத்தில 2023இலயே தண்ணியில 98 வீதத்தைத் திருப்பி எடுத்துக் காட்டிட்டாங்க. மூடின இடத்தில காத்துக்கு என்ன நடக்கும் எண்டு அறிய அரிசோனாவில செஞ்ச பயோஸ்பியர் 2ஐப் பாருங்கோ, 1991இல 8 பேர் உள்ள போனாங்க, ஒட்சிசன் 21 வீதத்தில இருந்து 14 வீதம் மட்டும் இறங்கி கடைசியா வெளியில இருந்து ஏத்த வேண்டி வந்தது, மண்ணுக்குள்ள கிடந்த கிருமி ஒட்சிசனைத் திண்டது, கொங்கிறீட் காபனீரொட்சைட்டைக் குடிச்சது. அந்தக் கணக்கை ஒருக்காப் போட்டு முடிச்சா அந்த அத்தியாயம் சரி.

இப்ப பிரிண்டருக்கு வாறன். விண்வெளி நிலையத்துக்கு 2014இல பிரிண்டர் போனது உண்மை, அதில ஸ்பானர் அடிச்சதும் உண்மை. அது பிளாஸ்ரிக் ஸ்பானர், பிளாஸ்ரிக் பூமியில இருந்து போனது. சரி உங்கட பிரிண்டர் இரும்பும் அடிக்கும் எண்டு வைப்பம், அதுக்கு மாவைவிட நைசான உலோகத் தூள் வேணும், அந்தத் தூள் செய்ய உருக்கிற உலையும் தூய வாயுவும் வேணும், உலைக்குச் சூடு தாங்கிற கல்லு வேணும், அடிச்சு எடுத்த சாமானைச் சூடாக்கிப் பதம் பாத்து கிரைண்ட் பண்ணவும் வேணும். கடையில 6205 எண்டு கேட்டா ஒரு பெயாரிங் தருவாங்க, 25 மில்லிமீற்றர் ஷாஃப்டுக்குப் போடுறது, சின்ன மோட்டரில கனக்க இருக்கிற சாமான். அதின்ட உள்ளுக்க இருக்கிற குண்டு ஒண்டை எடுத்துப் பாருங்கோ, குரோமியம் கலந்த உருக்கு, தண்ணி மாதிரி வழுவழுப்பு, அந்த வழுவழுப்பு பிரிண்டரில வராது ஐயா, கல்லுக்கு நடுவில உருட்டி உருட்டித் தேய்ச்சுத்தான் வரும். அதுக்குப் பிறகு கிரீஸ். கிரீஸை எந்த நொசிலால அடிக்கப்போறீங்க? பிரிண்டருக்கு உள்ளயும் பெயாரிங் இருக்கு, பெல்ட் இருக்கு, சிப் போட்ட போர்ட் இருக்கு. அது பழுதாப்போற அண்டைக்கு அதை எது அடிக்கும் எண்டு கேட்டா எல்லாரும் போனைப் பாக்கிறாங்க.

2022இல டொலர் இல்லாம எல்சி (இறக்குமதிக்கு வங்கி குடுக்கிற கடன் கடிதம்) திறக்கேலாம இறக்குமதிக் கடைக்காரர் கையை விரிச்ச நேரம் எங்கட கொம்பிரசர் ஒண்டு நிண்டுபோச்சு. மோட்டர் நல்லம், பிஸ்டன் நல்லம், குளிராக்கிற அமோனியா இருக்கு, ஷாஃப்ட் வெளியில வாற இடத்தில ஒழுகாமப் பிடிக்கிற, உள்ளங்கைக்குள்ள அடங்கிற ஷாஃப்ட் சீல் ஒண்டுதான் இல்லை. பழைய சீலின்ட கார்பன் முகத்தைக் கண்ணாடித் தட்டில பேஸ்ட் பூசி எட்டு எழுதி எழுதித் தேய்ச்சு எடுத்தம், அது சரிவந்தது. அதுக்குப் பின்னால இருந்த ஓ ரிங், அந்த ரப்பர் வளையம்தான் சரிவரேல்லை, ஒரு பக்கம் தட்டையாகி, நகம் இறங்காத அளவுக்கு இறுகிக் கிடந்தது. (அமோனியா லைனுக்குப் பித்தளை வால்வு போட்டு எழுதின தம்பிக்கு ஒரு சொல்லு: அமோனியா பித்தளையையும் செம்பையும் திண்டுபோடும், மாத்துங்கோ.) சீனக்குடாவில வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கி 99 நிக்குது, இருந்தும் அந்த வருஷம் நாங்க பெற்றோலுக்கு லைனில நிண்டம், அதால கொலனியில குதம் எவ்வளவு பெரிசு எண்டு எனக்குப் படம் கீறிக் காட்டாதீங்கோ.

ரப்பர் பற்றி ஒருத்தரும் கேக்கிறேல்லை. இலங்கைக்கு ரப்பர் கண்டு வந்தது 1876, ஹெனரத்கொடத் தோட்டத்துக்கு. நட்ட மரத்தில பால் வெட்ட 6, 7 வருஷம் செல்லும், வெட்டின பாலுக்குக் கந்தகம் போட்டு வேக வைக்கோணும். காத்து வெளியில போகாமப் பூட்டுற எயார்லொக் கதவுக்கு ரப்பர் இல்லாம முடியாது, அப்ப உங்கட டோமுக்குள்ள கத்தரித் தோட்டத்துக்குப் பக்கத்தில ரப்பர் தோட்டம் எங்க? செயற்கை ரப்பர் எண்டா அதுக்கு ஒரு இரசாயனத் தொழிற்சாலை, அதுக்கும் பம்ப், அந்தப் பம்புக்கும் சீல். 1986இல சலஞ்சர் விண்வெளி ஓடம் வெடிச்சது குளிரில இறுகின ஓ ரிங்கால எண்டாவது ஞாபகம் இருக்கட்டும்.

வியாபாரம் நடக்கட்டும் எண்டு கப்பல் விடுற ஆக்களுக்கும் இதே ஏச்சுத்தான். கிட்டின நட்சத்திரம் புரொக்சிமா, 4.24 ஒளியாண்டு. வொயேஜர் 1 விண்கலம் போற வேகத்தில அந்தத் தூரத்துக்கு 70,000 வருஷத்துக்கு மேல பிடிக்கும். ரேடியோவில டிரோயிங் நாலே கால் வருஷத்தில வந்து சேரும், ஓ ரிங் வராது.

யுத்தத்தில பொருளாதாரத் தடை இருந்த காலத்தில வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் சனம் என்ன செஞ்சது எண்டு வீட்டில பெரிய ஆக்களைக் கேளுங்கோ. பற்றரி இல்லை, சைக்கிள் டைனமோவில ரேடியோ கேட்டாங்க. பெற்றோல் இல்லை, ஸ்டார்ட் பண்ண மட்டும் ரெண்டு சொட்டு விட்டு மண்ணெண்ணெயில மோட்டர்சைக்கிள் ஓடினாங்க. ஒருத்தரும் புதுசா மோட்டர்சைக்கிள் செய்யேல்லை, இருந்ததைக் கழட்டிப் பூட்டி, தேவையைக் குறைச்சுச் சமாளிச்சாங்க. உங்கட கொலனியும் அப்பிடித்தான் இருக்கும், ஆனா 300 வருஷம்.

அதால தயவுசெய்து இனிக் கொலனி எழுதேக்க பம்புக்கு மெக்கானிக்கல் சீல் போடாதீங்கோ, பழைய மாதிரி கிளாண்ட் பேக்கிங் போடுங்கோ, பருத்திக் கயிறும் கொழுப்பும் இருந்தா அங்கயே முறுக்கலாம். சொட்டுச் சொட்டா ஒழுகும்தான், ஒழுகட்டுமே, தண்ணி டோமுக்குள்ளதானே விழுது. பெயாரிங் சைஸ் மூண்டுக்கு மேல கொலனியில இருக்கக்கூடாது எண்டு சட்டமே போடுங்கோ, அப்பதான் விசிறியில கழட்டினதைப் பம்புக்குப் போடலாம். சிப் வேண்டாம், சுவிட்ச் போதும். ஆக்களையும் எண்ணுங்கோ, ஸ்கொட்லாந்துக்கு அங்கால செயின்ட் கில்டாத் தீவில 1930இல மிஞ்சினது 36 பேர், இளசுகள் வெளிக்கிட்டு வேலைக்குக் கை காணாம, தாங்களாவே கேட்டு எழும்பி வந்தாங்க. 400 பேரில சின்னன், கிழடு, நோயாளி கழிச்சா லேத் பிடிக்க எத்தினை பேர், அந்த ஆள் செத்தா அடுத்தது ஆர்?

கதையை நடத்துற கேம் மாஸ்டர்மாருக்கு ஒண்டு. கதைக்குள்ள பத்து வருஷம் போகேக்க ஸ்டோர் லிஸ்டில ஒரு சாமானை வெட்டிவிடுங்கோ, எது எண்டு டைஸ் சொல்லட்டும். தண்ணிப் பம்பைக் கழட்டிக் காத்து விசிறிக்குப் போடுறதா, இல்லை மறுவளமா எண்டு மேசையில சண்டை துவங்கினா, நீங்க பேசாம தேத்தண்ணியைக் குடியுங்கோ.