இயன்முறைப் பண்டுவம்

பிசியோதெரபி என்றதும் நம் ஊரில் மூட்டுவலி, பக்கவாதம், 'கரண்ட் வைக்கிறது' இவைதான் நினைவுக்கு வரும். குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் கிடக்கும் குழந்தைக்கும் அது வேண்டும் என்றால், "இந்தப் பிஞ்சுக்கு என்ன எக்ஸர்சைஸ்?" என்று பெற்றோர் பதறிப்போகிறார்கள். சொல்லின் பொருளை அறிந்தால் அந்தப் பதற்றம் பாதி குறையும்.

அது கிரேக்க வேர் கொண்ட சொல். 'ஃபூசிஸ்' என்றால் இயல்பு, இயற்கை. 'தெரப்பேயா' என்றால் பணிவிடை, பேணுதல். உடனிருந்து பணிவிடை செய்பவன் 'தெரப்போன்'.

தமிழில் பிசியோதெரபியை இயன்முறை என்கிறோம்: இயல் + முறை = இயன்முறை. இயன்மொழி என்பதில் போலவே லகரம் னகரமாகத் திரிந்திருக்கிறது. 'இயக்கமுறை' என்பதன் சுருக்கம் அன்று. 'இயற்பியல் சிகிச்சை' என்று எழுதினால் பௌதிகம் ஆகிவிடும். இயற்கை மருத்துவமோ முற்றிலும் வேறு துறை. 'இயன்முறை மருத்துவம்' என்பதே பரவலான வழக்கு. ஆனாலும் பச்சிளம் குழந்தை விஷயத்தில் 'பண்டுவம்' என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பண்டுவம் பார்ப்பதில் மருந்தும் உண்டு, கூடவே இருந்து கவனிப்பதும் உண்டு. தாயும் தகப்பனும் அதில் தாராளமாக இடம்பெறலாம்.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பிறப்பு. கருப்பையின் கடைசி வாரங்களில் இடம் நெருக்கடியாகி, குழந்தை கைகால் மடக்கிச் சுருண்டிருக்கும். அந்த மடக்கம்தான் பின்னால் தலை நிற்பதற்கும் கையை வாய்க்குக் கொண்டுபோவதற்கும் அடித்தளம். முந்திப் பிறந்த குழந்தைக்கு அது வாய்ப்பதில்லை. தசை தளர்ந்து, கைகால்கள் தவளைபோல் விரிந்து படுக்கையில் சாய்ந்துவிடும். துணிச்சுருளால் அணைகட்டிப் படுக்கவைப்பது, இரு கைகளையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்துப் பிடிப்பது, முகம் காட்டித் தலையை நடுவே திருப்பவைப்பது, இவைதான் இங்கே பயிற்சி.

இதைப் பெற்றோர் கையிலேயே கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று நார்வேயில் நடந்தது. ட்ரம்சோ, ட்ரான்ஹைம், ஒஸ்லோ மருத்துவமனைகளில், 32 வாரத்துக்குள் பிறந்த 153 குழந்தைகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவில் பெற்றோருக்கு இயன்முறையாளர் கற்றுக்கொடுத்தார். பிறந்த பின்னும் கருவின் வாரக்கணக்கையே தொடர்ந்து எண்ணி, 34ஆம் வாரம் தொடங்கி 3 வாரம், நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் 10 நிமிடம் வரை பெற்றோரே செய்தனர். 37ஆம் வாரத்தில் அந்தக் குழந்தைகளின் அசைவுத்திறன் மற்றப் பிரிவைவிட மேம்பட்டிருந்ததாக 2016இல் முடிவு வெளியானது. இரண்டு வயதில் பார்த்தபோது இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. அதனால் இதை மந்திரம்போல் எண்ணிவிடக் கூடாது. ஆனால் பயந்து ஒதுங்கி நின்ற பெற்றோர் தம் குழந்தையைத் தொட்டுப் பழகுகிறார்கள் என்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதும், கைகாலை இழுத்து மடக்குவதும் இயன்முறைப் பண்டுவம் அல்ல. நிறம் மாறினாலோ, விக்கினாலோ, விரல்களை விறைத்து விரித்தாலோ குழந்தை "போதும்" என்கிறது. உடனே நிறுத்திவிட வேண்டும். எதைச் செய்யலாம், எப்படிப் பிடிக்கலாம் என்று டிஸ்சார்ஜ் ஆகுமுன் வார்டிலேயே இயன்முறையாளரிடம் கேட்டு, அவர் பார்க்க ஒருமுறை செய்துகாட்டிவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் தமிழ்நாட்டில், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை முன்கூட்டியே கண்டறிந்து உதவும் அரசின் மாவட்ட இடையீட்டு சேவை மையத்தை அணுகலாம்.