மலை வயலுக்கு எந்த நெல்?

நேபாளத்தில் அன்னபூர்ணா மலைத்தொடரின் தென்சரிவில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் சோம்ரோங் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே படிப்படியாக வெட்டிய சிறு வயல்களில் நெல் விளைகிறது. சமவெளியில் மூட்டை மூட்டையாக விளையும் ரகம் ஒன்றை அவ்வயலில் நட்டால், பயிர் பச்சைப்பசேலென்று வளரும், கதிரும் வரும். ஆனால் தூற்றும்போது மிஞ்சுவது பெரும்பாலும் பதராகவே இருக்கும்.

நூறு மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 0.6 டிகிரி செல்சியஸ் குறைகிறது. இக்குளிர் நெல்லை மிகக் கடுமையாகத் தாக்குவது, பயிரில் கடைசியாக விரியும் கண்ணாடி இலையின் உறைக்குள் கதிர் மறைந்திருக்கும் தொண்டைக்கதிர்ப் பருவத்தில்தான். கதிர் வெளிவருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள்களுக்கு முன் மகரந்தத் தூள்கள் உருவாகத் தொடங்குகின்றன. மகரந்தப்பையின் உட்சுவரை ஒட்டிய மெல்லிய திசுப்படலம் அவற்றுக்குச் சர்க்கரையை ஊட்டுகிறது. அந்த நாள்களில் குளிர் நீடித்தால் இப்படலம் சீர்குலைந்து, மாவுச்சத்துச் சேராத மகரந்தம் மலடாகிவிடுகிறது. சூலகம் பெரும்பாலும் பழுதின்றி இருந்தும் மணி பிடிப்பதில்லை. குளிரைத் தாங்காத ரகங்களுக்கு 17 முதல் 19 டிகிரியே ஆபத்தின் எல்லை. தாங்கும் ரகங்களுக்கு அது மேலும் ஏறத்தாழ இரண்டு டிகிரி தாழ்ந்திருக்கும். அந்த இரண்டு டிகிரிதான் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சோறு.

ஜப்பானின் ஹொக்கைடோவில் இப்பருவத்தில் வயலில் 20 சென்டிமீட்டர் அளவுக்கு நீரைத் தேக்கி, இளங்கதிரை அதன் வெதுவெதுப்பில் காப்பார்கள். பாசன நீரே பனி உருகி வரும் இடங்களில் இவ்வுத்தி கைகொடுக்காது. அங்கே ரகத்தைத் தவிர வேறு காப்பில்லை.

சோம்ரோங்கின் உள்ளூர் நெல் அக்குளிரைத் தாங்கும். ஆனால் அதன் அரிசி சிவப்பு. வெள்ளை அரிசியை விரும்பிய உழவர்களுக்காக, லும்லே வேளாண் மையத்தின் ஆய்வாளர்கள் அதை ஃபுஜி 102 என்னும் ஜப்பானிய நெல்லுடன் கலப்பினம் செய்தார்கள். முடிந்த ரகமாக ஆக்கிக் கொடுக்காமல், ஐந்தாம் தலைமுறை விதையையே 1993-ஆம் ஆண்டு உழவர்களிடம் கொடுத்துவிட்டார்கள். இதைத்தான் மிகச் சரியான முடிவு என்று கருதுகிறேன். உரமும் நீரும் நிறைந்த ஆய்வுப் பண்ணையில் ரகங்கள் பெறும் தரவரிசை, மெலிந்த மண்ணும் குளிர்ந்த நீரும் உள்ள வயலில் அடியோடு மாறிவிடக்கூடும். மேலும், மாட்டுக்கு வைக்கோல் போதுமா, கதிரடிக்கும்போது மணி எளிதில் உதிருமா, உயரமான இடங்களில் வரும் இலையுறைப் பழுப்பு அழுகல் நோயைத் தாங்குமா என்பவற்றையெல்லாம் உழவர்கள் சேர்த்தே எடைபோட்டார்கள். அவ்வாறு தேர்ந்தெடுத்த வெள்ளரிசி ரகமே மச்சாபுச்ரே-3.

இவ்வகை வயலில் ரகத்தைச் சோதிப்பவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் மடைவாய். நீர் வந்து விழும் அம்மூலைதான் வயலிலேயே மிகக் குளிர்ந்தது. நடுவயலில் மணி நிறைந்து நிற்கும் பயிர்கூட அங்கே பதராகலாம். மடைவாய்க் கதிர்களைத் தனியே அறுத்து, நிறைமணி எத்தனை, பதர் எத்தனை என்று எண்ணிப் பார்த்த பின்னரே மொத்த விளைச்சலை எடைபோட வேண்டும்.