கவுன்சில் வீட்டுக்குப் பதிந்தாயிற்று, அப்புறம்?

"பதிந்து ஆறேழு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் கூப்பிடவில்லை." லண்டனில் வீட்டுப் பிரச்சினைக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வரும் தமிழர்களில் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கவுன்சில்களில், அதாவது உள்ளூராட்சி மன்றங்களில், வாடகைக்குக் காலியாகும் வீடுகள் இணையத்தில் பட்டியலாக வரும். பொருத்தமான வீட்டுக்கு நாம்தான் விருப்பம் தெரிவிக்க வேண்டும். இதைத்தான் 'பிட்' பண்ணுவது என்கிறார்கள். பெயரைப் பார்த்து ஏலம் என்று பயப்பட வேண்டாம், ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. பல வருஷம் பதிவில் இருந்தும் ஒரு தடவைகூட பிட் பண்ணாதவர்களைப் பார்த்திருக்கிறேன். பிட் பண்ணாமலும் வருடாந்தப் புதுப்பிப்பைச் செய்யாமலும் விட்டால், பெயரையே நீக்கிவிடும் கவுன்சில்களும் உண்டு.

இங்கே எழுதுவது இங்கிலாந்துக்குப் பொருந்தும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ் சட்டங்கள் வேறு.

நம் ஆட்கள் குழம்புவது ஓர் இடத்தில்தான். கவுன்சிலிடம் கேட்பதற்கு இரண்டு தனித்தனி வழிகள் இருக்கின்றன. 1996ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் ஆறாம் பாகம் காத்திருப்போர் பதிவைப் பற்றியது. ஏழாம் பாகம் வீடற்றவர்களுக்கும் வீட்டை இழக்கப் போகிறவர்களுக்கும் ஆனது. முதலாவதில் பதிந்தால் இரண்டாவதிலும் பதிந்ததாக ஆகாது. வீடு போகப் போகிற நேரத்தில் "நான்தான் ஏற்கெனவே லிஸ்டில் இருக்கிறேனே" என்று சும்மா இருந்துவிடுவதால் வரும் நஷ்டம் கொஞ்சமல்ல.

முதல் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் காத்திருப்போர் பட்டியல்களில் இருக்கின்றன. குடியிருப்போரே கவுன்சில் வீட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று 1980இல் சட்டம் வந்த பிறகு சுமார் 20 லட்சம் வீடுகள் விற்றுப்போயின. அதை ஈடுசெய்யும் அளவுக்குப் புதிதாகக் கட்டவில்லை. அதனால் முன்னால் பதிந்தவருக்கு முன்னால் கிடைக்கும் என்ற கணக்கு மட்டும் இங்கே செல்லாது. தேவையை வைத்து ஏ, பி, சி என்று பிரிப்பார்கள், சில இடங்களில் புள்ளி போடுவார்கள். ஒரே பிரிவுக்குள்தான் காத்திருந்த காலம் பேசும். வீடற்றவர்கள், அளவுக்கு மீறிய நெரிசலிலோ சுகாதாரக் கேடான வீட்டிலோ இருப்பவர்கள், நோய் காரணமாக இடம் மாற வேண்டியவர்கள் போன்றோருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது சட்டம். அதே சமயம், யார் பதியலாம் என்று வரையறுக்கும் அதிகாரத்தை 2011ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கவுன்சில்களுக்குக் கொடுத்தது. எங்கள் எல்லைக்குள் இத்தனை வருஷம் தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று லண்டனில் பல கவுன்சில்கள் கேட்பது அதனால்தான்.

டாக்டர் கடிதம் பற்றி ஒன்று. "இவருக்கு நீரிழிவு, முதுகுவலி, நல்ல வீடு தேவை" என்று காசு கொடுத்து எழுதி வாங்கிய கடிதத்தால் பெரிதாக எதுவும் நடக்காது. நோயின் பெயரைவிட, இந்த வீடு அந்த நோயை எப்படி மோசமாக்குகிறது என்பதுதான் கணக்கில் எடுக்கப்படும். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வெளியே இறங்கவே முடியவில்லை என்று எழுதியிருந்தால் அதில் அர்த்தம் இருக்கிறது.

இனி இரண்டாவது வழி. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீடற்ற நிலை குறைப்புச் சட்டப்படி, 56 நாட்களுக்குள் வீடு போகக்கூடிய நிலையில் இருப்பவருக்கே கவுன்சில் உதவியாக வேண்டும். தெருவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இதற்குக் குறிப்பிட்ட படிவம் வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. கவுன்சிலைத் தொடர்புகொண்டு நிலைமையைச் சொன்னாலே விசாரிக்கும் கடமை தொடங்கிவிடும். ஆனால் நேரில் போய் வாயால் சொல்லிவிட்டு வருவதை நான் நம்புவதில்லை. "சொன்னேன்" என்பீர்கள், "பதிவில் இல்லை" என்பார்கள். அன்றைக்கே ஒரு மின்னஞ்சலும் போட்டு வையுங்கள்.

இந்த வழிக்கு நம்மவர்கள் பிந்தியே வருகிறார்கள். வீடற்றவர் என்று பதிவது மானக்கேடு என்று நினைக்கிறார்கள். அண்ணன் வீட்டு ஹாலில் பிள்ளைகளோடு படுத்துக்கொண்டு, "எங்களுக்கு வீடு இருக்கிறது" என்பார்கள். தொடர்ந்து இருக்க உரிமையில்லாத, இருப்பதும் நியாயமில்லாத ஒரு வீட்டு மூலையில் ஒதுங்கியிருப்பவரும் சட்டத்தின் கண்ணில் வீடற்றவராக இருக்கலாம். அண்ணன் கடிதம் கொடுக்க வேண்டி வரும். "இவர்கள் இங்கே எத்தனை நாளாக இருக்கிறார்கள், எங்கே படுக்கிறார்கள், எந்தத் தேதிக்குப் பிறகு வைத்திருக்க முடியாது" என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். சண்டை நடந்ததாகக் கதை கட்டித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். பொய்த் தகவல் கொடுப்பது குற்றம், அதிகாரி அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசினால் கதை கலைந்தும் போகும். காசு கொடுத்தால் கவுன்சில் வீடு எடுத்துத் தருகிறேன் என்பவரும் இதே ரகம்தான்.

அதைவிடச் சிக்கலானது, நம்மவரே வீட்டுக்காரராக இருக்கும் நிலைமை. ஊர்க்காரர், தெரிந்தவர், கோயிலில் பார்ப்பவர். ஒப்பந்தம் இல்லை, வாடகை ரொக்கம், ரசீது கிடையாது. உறவு நன்றாக இருக்கும்வரை எல்லாம் வசதிதான். ஒருநாள் "மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும், அடுத்த மாதம் விடுங்கோ" என்று போனில் சொல்வார். நம் குடும்பமும் மரியாதைக்காகச் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேறும். அப்புறம் கவுன்சில் இரண்டு கேள்வி கேட்கும். இந்தப் பகுதியில்தான் வாழ்ந்தீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? சட்டப்படி வெளியேற வேண்டிய அவசியம் இல்லாதபோது ஏன் வெளியேறினீர்கள்? இரண்டாவதற்குப் பதில் இல்லையென்றால், வேண்டுமென்றே வீட்டை விட்டவர் என்று முடிவெடுக்க இடமிருக்கிறது. அப்படி முடிவானால் நீண்டகால வீட்டுப் பொறுப்பு கவுன்சிலுக்கு இல்லாமல் போகும்.

வாய்ச்சொல் நோட்டீஸ் ஆகாது. 2026 மே 1 முதல் தனியார் வீட்டுக்காரர் காரணம் காட்டாத 21ஆம் பிரிவு நோட்டீஸையும் கொடுக்க முடியாது. விற்கப் போகிறேன், நானோ என் குடும்பமோ குடிவரப் போகிறோம் என்றாலும் நான்கு மாத எழுத்துமூல நோட்டீஸ் தேவை. அதன் பிறகும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது, பூட்டை மாற்றுவது 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனால் வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருக்க, சமையலறையைப் பகிர்ந்துகொண்டு ஓர் அறையில் வாடகைக்கு இருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நியாயமான அவகாசம் கொடுத்தால் போதும், நீதிமன்றம்கூடத் தேவையில்லை. நம்மில் எத்தனையோ பேர் இப்படித்தான் இருக்கிறார்கள். எந்த வகையானாலும், நோட்டீஸ் வந்த வாரமே ஆலோசனைக்கு வந்துவிடுங்கள். வாடகையை வங்கி வழியாகக் கொடுக்கத் தொடங்குங்கள். வீட்டுக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

விசாவும் முக்கியம். பொது நிதி (அரசின் உதவித்தொகை, வீட்டுதவி போன்றவை) கிடையாது என்ற நிபந்தனையோடு மாணவர், வேலை, துணைவர் விசாக்களில் இருப்பவர்கள் பொதுவாக இந்த இரண்டு வழியிலும் தகுதி பெறுவதில்லை. நிரந்தர வதிவிடமோ அகதி அந்தஸ்தோ இருந்தால் நிலைமை வேறு. அகதி அந்தஸ்து கிடைத்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்துறை அமைச்சு உங்களைக் கடைசியாகத் தங்கவைத்த ஊரோடு உள்ளூர்த் தொடர்பு (எந்தக் கவுன்சில் பொறுப்பேற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் தொடர்பு) இருப்பதாகச் சட்டம் கருதும். வடகிழக்கு இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் தங்கவைக்கப்பட்டவர் சொந்தக்காரரை நம்பி லண்டனுக்கு வந்து பதிந்தால், மிடில்ஸ்பரோவுக்கே திருப்பி அனுப்பப்படலாம். குடும்ப வன்முறையோ வேறு வன்முறையோ நேரும் ஆபத்து உள்ள ஊருக்கு அப்படித் திருப்பி அனுப்பக் கூடாது.

சிறு பிள்ளைகள் இருந்தால், கர்ப்பிணியாக இருந்தால், குடும்ப வன்முறையால் வீட்டை இழந்திருந்தால் சட்டம் சொல்லும் 'முன்னுரிமைத் தேவை' உங்களுக்கு உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு விசாரணை முடியும்வரை கவுன்சில் தற்காலிக இடம் தர வேண்டும். கடைசியில் கிடைப்பது கவுன்சில் வீடாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள், தனியார் வாடகை வீடாகவும் இருக்கலாம். சில சமயம் தூரத்து ஊராகவும் இருக்கும். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் ஒரு தாயையும் ஐந்து பிள்ளைகளையும் லண்டனுக்கு வெளியே மில்டன் கீன்ஸ் பக்கம் பிளெட்ச்லிக்கு அனுப்பப் பார்த்த வழக்கில், அருகில் ஏன் இடம் தர முடியவில்லை என்பதை விளக்கவில்லை என்று 2015இல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளுபடி செய்தது. ஆகவே தூரத்தைக் கேள்வி கேட்கலாம். ஆனால் கோபத்தில் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கடைசி வாய்ப்பாகக் கொடுத்த வீடு பொருத்தமானதுதான் என்று முடிவானால், கவுன்சிலின் பொறுப்பு அத்தோடு முடிந்துவிடும். வீட்டை ஏற்றுக்கொண்டே, பொருத்தமில்லை என்று மறுபரிசீலனையும் கேட்கலாம். இது தெரியாமல் மறுத்தவர்களுக்காகத்தான் நான் அதிகம் கடிதம் எழுதியிருக்கிறேன்.

மறுபரிசீலனைக்கு இருப்பது 21 நாள்தான். ஆங்கிலக் கடிதத்தைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, "ஏதோ இல்லை என்று எழுதியிருக்கு அம்மா" என்றதும் மடித்து வைத்துவிடுகிறார்கள். அந்த 'இல்லை'க்கு எதிராகத்தான் மறுபரிசீலனை கேட்கிறோம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கவுன்சிலிடம் தயங்காமல் கேளுங்கள். சட்ட உதவிக்கு வருமான வரம்புக்குள் வருகிறீர்களா என்று, இலவச ஆலோசனை தரும் தொண்டு நிறுவனங்களான ஷெல்டரிலோ சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ விசாரியுங்கள். அதற்கு முன்னால், கடிதம் கைக்கு வந்த தேதியை அந்த உறையின் மேலேயே எழுதி, உறையையும் எறியாமல் கொண்டுவாருங்கள்.