பரணை விட்டு இறங்காத அண்டா

காவிரிப் படுகையின் பழைய வீடுகளில் ஏணி வைத்துப் பரணில் ஏறினால் கைக்கு முதலில் தட்டுப்படுவது பித்தளையாகத்தான் இருக்கும். அண்டா, தவலை, அவற்றுக்குள் மூடி தொலைந்த எவர்சில்வர் தூக்குகள். கீழே கூடத்து மூலையில் நெல்லைக் கண்டு பல காலமான பத்தாயம். மார்கழிக் கடைசியில் பாத்திரமெல்லாம் கீழே இறங்கும், தூசி தட்டப்படும். “இருக்கட்டும், எதற்காவது ஆகும்” என்று யாராவது சொல்வார்கள்; மறுபடி மேலே ஏறிவிடும்.

இதைக் கஞ்சத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். மனம் கணக்குப் போடும் விதம் அப்படி. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தாலர் மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில் இந்தக் கணக்கு அப்பட்டமாகத் தெரிகிறது. கனடாவில் மாணவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவுக்கு ஆளுக்கொரு காபிக் கோப்பையைக் கொடுத்து, என்ன விலைக்கு விற்பீர்கள் என்று கேட்டார்கள். அடுத்த பிரிவிடம், என்ன விலைக்கு வாங்குவீர்கள் என்றார்கள். மூன்றாம் பிரிவுக்குக் கோப்பையோ பணமோ ஏதாவது ஒன்று இலவசம்; எவ்வளவு தந்தால் கோப்பைக்குப் பதில் பணத்தை எடுப்பீர்கள் என்பது கேள்வி. விற்பவர்கள் சொன்ன இடைநிலை விலை 7.12 டாலர். வாங்குபவர்கள் 2.87. மூன்றாம் பிரிவினர் 3.12.

மூன்றாம் பிரிவில்தான் விஷயம் இருக்கிறது. அவர்களுக்கும் விற்பவர்களுக்கும் முடிவில் கிடைப்பது ஒன்றே: கோப்பை அல்லது பணம். ஆனாலும் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. கோப்பை ‘என்னுடையது’ ஆகிவிட்டவருக்கு அதை விடுவது இழப்பு. இழப்பின் வலியை மனம் பொதுவாகக் கூடுதலாகவே எடை போடுகிறது.

சற்றுமுன் கைக்கு வந்த கோப்பைக்கே இந்தப் பாடு. விளிம்புக்குக் கீழே, உளியால் புள்ளி புள்ளியாகப் பாட்டியின் பெயர் வெட்டிய அண்டாவை எப்படி விட மனம் வரும்?

அதை வைத்துக்கொண்டதற்கு ஒரு காலத்தில் நியாயமும் இருந்தது. வீட்டுக் கல்யாணத்துக்கு வீட்டு அண்டாவில்தான் சமையல். பிறகு வாடகைப் பாத்திரக் கடைகள் வந்தன. பித்தளையில் புளி பட்டால் செம்பு கரையும் என்பதால் உள்ளே வெள்ளீயம் பூச வேண்டும். பூசுகிறவர்கள் தெருவுக்கு வருவது அருகியது. நெல்லும் களத்திலிருந்தே கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. நியாயம் போய்விட்டது, பொருள் தங்கிவிட்டது.

ஆகவே “இதைப் போட்டுவிடலாமா?” என்று கேட்காதீர்கள். அது நம்மை விற்பவர் இடத்தில் நிறுத்தும் கேள்வி. பழைய பித்தளை கிலோ என்ன விலை என்று விசாரித்து, எடை பார்த்து, “இந்த அண்டாவா, இந்தப் பணமா?” என்று கேளுங்கள். அதுவும் அண்டாவுக்கு உரியவரே கேட்டுக்கொள்ள வேண்டும். மருமகள் கேட்டால் மாமியார் காதில் அது இழப்பாகவே விழும்.

பல சமயம் நாம் விடத் தயங்குவது நினைவைத்தான். 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நினைவுப் பொருள்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளத் தூண்டப்பட்ட விடுதி மாணவர்கள் கூடுதலான பொருள்களை நன்கொடையாகத் தந்தார்கள். வெட்டிய பெயரைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுங்கள், எழுத்து தெளிவாக விழும். யார் கல்யாணத்துக்கு வந்தது என்பதையும் எழுதி வையுங்கள்.

கழித்ததையெல்லாம் போகித் தீயில் போடக் கூடாது. கிழிந்த ரெக்சின் பையில் இருப்பது பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின்கள் போன்ற நச்சுகள் வெளிவரும். பனிக்காலத்து அதிகாலையில் அந்தப் புகை மேலே போகாமல் தெருவிலேயே தங்கும். அத்தகைய பொருள்களைப் போகிக்கு முந்தைய வாரமே பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிடுங்கள். பத்தாயத்துப் பலகைகளைத் தச்சரிடம் காட்டுங்கள். நல்ல மரமாக இருந்தால் பெஞ்சுக்கு ஆகும்.