ஒரு புத்தகத்துக்கு எத்தனை பெயர்?

போன வாரம் ஓர் ஆய்வு மாணவி என் மேசை முன்னால் சோர்ந்துபோய் உட்கார்ந்தார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு வ.உ.சி. எழுதிய உரையின் பழைய பதிப்பைத் தேடி, பாபநாசம் பஸ்ஸில் ஏறி இறங்கி மூன்று ஊர் நூலகங்களைப் பார்த்துவிட்டார். எங்கும் ‘இல்லை’ என்றே பதில். கடைசியில் அது அவர் முதலில் போன நூலகத்தின் பீரோவிலேயே இருந்தது. கணினியில் ‘சிதம்பரம்பிள்ளை, வி.ஓ.’ என்று ஏற்றியிருந்தார்கள். அவர் தேடியது ‘வ.உ.சி.’ என்று. நம் ஊர்க்காரர் பெயருக்கே நம் நூலகங்களில் இந்தக் கதி. இந்த வருஷம் நான் பார்க்க இது நான்காவது தடவை, மனசு ஆறவில்லை.

நம் வட்டாரத்துச் சிறு நூலகங்கள் தங்கள் கேட்லாக் (நூற்பட்டியல்) பதிவுகளைப் பகிர்ந்துகொள்ளும் சேவையைத் தொடங்கலாம் என்று ஊர் ஊராய்ப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவர் ஒரு நூலுக்குச் சரியாகப் பதிவு செய்தால், அதே நூலை வைத்திருக்கும் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். புது யோசனை ஒன்றுமில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1901-லேயே அச்சிட்ட கேட்லாக் அட்டைகளை மற்ற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கிவிட்டது. 1971-ல் ஒஹாயோ கல்லூரி நூலகங்கள் இதையே கணினி வழியாகச் செய்தன. இன்று நூலக வேலைக்கான கோஹா மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆனால் எங்கே போனாலும் ஒரே கேள்வி: “பதிவைக் கொடுத்தால் அப்புறம் புத்தகத்தையும் கொடுக்கச் சொல்வீர்களே?”

இல்லவே இல்லை. பதிவு வேறு, புத்தகம் வேறு. பதிவில் இருப்பது தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஊர், ஆண்டு, பக்கம், பொருள், எந்தத் துறை நூல் என்று காட்டும் வகுப்பு எண். இவற்றில் பெரும்பாலானவை புத்தகத்தின் முதல் இரண்டு பக்கங்களில் அச்சாகி, ஊருக்கே தெரிந்தவை. இதில் ரகசியம் எங்கே இருக்கிறது? உங்கள் அக்ஸெஷன் நம்பர் (புத்தகம் வந்ததும் போடும் வரவு எண்), எந்த அலமாரி, என்ன விலை, யார் எடுத்துப் போனார் என்பதெல்லாம் உங்களிடமே இருக்கும். உறுப்பினர் பெயரும் போன் நம்பரும் பொதுப் பதிவுக்குள் வரவே கூடாது. புத்தகத்தை வெளியூருக்கு இரவல் தருவது தனி ஏற்பாடு, வேண்டாம் என்றால் வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன்: பதிவைத் தருவதால் உங்கள் அலமாரியிலிருந்து ஒரு புத்தகம்கூட நகராது.

இன்னொன்று, வரவுப் பதிவேட்டை எக்ஸெலில் தட்டிவிட்டால் கேட்லாக் ஆகிவிடாது. பதிவேடு புத்தகம் வந்த கணக்கைச் சொல்லும். வாசகர் தேடி வரும்போது எடுத்துக் கொடுக்க கேட்லாக்தான் வேண்டும்.

சேர வருகிறவர்கள் சிலவற்றில் கவனமாக இருங்கள். யூனிகோடில் மட்டும் தட்டுங்கள். பாமினி எழுத்துருவில் ஏற்றிய பதிவு அடுத்த நூலகத்தின் கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். ஆசிரியர் பெயருக்கு எல்லோரும் ஒரே வடிவத்தை முதன்மைப் பெயராக வைத்து, மற்ற வடிவங்களை அதனோடு இணைத்துவிட வேண்டும். இனிஷியலை ஆங்கிலத்திலிருந்து திருப்பி எழுதாதீர்கள். ‘வ.உ.’ என்பது ‘வி.ஓ.’ ஆனது அப்படித்தான். ஆண்டு என்ற இடத்தில் புத்தகம் வாங்கிய வருஷத்தைப் போடுகிறீர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள்! பதிப்பு ஆண்டுதான் அங்கே வர வேண்டும். பழைய தமிழ் நூல்களுக்கு ஐஎஸ்பிஎன் என்ற தனி அடையாள எண் கிடையாது. ஆண்டு தவறினால் இரண்டு பதிப்புகள் ஒன்றாகக் கலந்துவிடும். மற்றவர் பதிவை எடுக்கும்போதும் புத்தகத்தைக் கையில் வைத்துச் சரிபாருங்கள்.

பழைய பதிவேட்டைத் தூக்கிப் போடாதீர்கள், எடைக்கும் போடாதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள். கடையில் கிடைக்கும் நாவல்கள் இருக்கட்டும், அவற்றின் பதிவை வேறு யாராவது தந்துவிடுவார்கள். உங்கள் பீரோவின் கீழ்த்தட்டில் கிடக்கிறதே, கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், உள்ளூர்ப் புலவர் சொந்தக் காசில் அச்சடித்த சிற்றேடு, அவற்றை முதலில் எடுத்துத் தூசி தட்டுங்கள். அது உங்களிடம் மட்டுமே இருக்கலாம். ஒரு நாளைக்கு ஐந்து போதும். பதிவு செய்யத் தெரியாவிட்டால் கூப்பிடுங்கள், நானே வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.