வேர்க்குழல் மருந்து

ரூட் கெனால் செய்துகொண்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். முதல் சிட்டிங் முடிந்ததும் டாக்டர், "உள்ளே மருந்து வெச்சிருக்கேன், அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லி, பல்லைத் தற்காலிகமாக அடைத்து அனுப்புவார். அந்த மருந்துதான் இன்ட்ராகெனால் மெடிக்கமென்ட். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இன்ட்ரா என்றால் லத்தீனில் உள்ளே. மெடிக்கமென்ட் என்பதும் லத்தீன் வழி வந்ததுதான்; பொருள் மருந்து. சிக்கல் கெனாலில்தான். பலரும் 'வேர்க்கால்வாய்' என்று எழுதுகிறார்கள். கால்வாய் என்றதும் வயலுக்குத் தண்ணீர் ஓடும் திறந்த வாய்க்கால்தான் கண்முன் வருகிறது. பல்வேருக்குள் இருப்பதோ சுற்றிலும் மூடிய, நுனியில் ஒரு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத துளை. லத்தீன் 'கனாலிஸ்' பிறந்ததே நாணலைக் குறிக்கும் 'கன்னா'விலிருந்து. நாணல்போல உள்ளே வெறுமையானதற்கு நம்மிடம் 'குழல்' இருக்கிறது. அதனால் வேர்க்குழல் என்பதே சரி.

அப்புறம், 'இன்ட்ரா'வுக்காக 'உள்மருந்து' என்று சேர்க்கலாமா? வேண்டாம். அது வாய்வழி உட்கொள்ளும் மருந்தையே நினைவூட்டும். 'இடுமருந்து' என்றால் இன்னும் மோசம். சோற்றில் ரகசியமாகக் கலந்து வைப்பதற்கு அந்தப் பெயர் உண்டு. 'வேர்க்குழல் மருந்து' போதும், இடமும் வேலையும் அதிலேயே வந்துவிடுகின்றன.

இன்று அதிகம் வைப்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. ஜெர்மனியின் பல் மருத்துவர் ஹெர்மன் 1920-இல் இதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். வேறொன்றுமில்லை, வெற்றிலைக்குத் தடவும் நீற்றிய சுண்ணாம்புதான் அது. மருத்துவத்துக்கென்று தூய்மையாகத் தயாரித்தது. அதன் காரத்தன்மை, பிஎச் அளவில் சுமார் 12.5. பெரும்பாலான கிருமிகள் அதில் பிழைப்பதில்லை. அதற்காக வலிக்கிற பல்லில் வீட்டுச் சுண்ணாம்பைத் தயவுசெய்து வைக்காதீர்கள், ஈறு வெந்துவிடும். மூன்று ஆன்டிபயாடிக் கலந்த பசையும் உண்டு. அதிலுள்ள மினோசைக்ளின் பல்லைச் சாம்பல் நிறமாக்கிவிடுவதால் முன்பல்லில் வைக்க யோசிப்பார்கள்.

சோடியம் ஹைப்போகுளோரைட் இந்தக் கணக்கில் வராது. அது குழலைக் கழுவும் நீர். சிட்டிங்கோடு வெளியே வந்துவிடும். மருந்து நாள்கணக்கில் உள்ளே இருக்கும். கடைசி சிட்டிங்கில் அதையும் கழுவி எடுத்துவிட்டு, குட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் நிரப்புவார்கள். மலாயில் 'கெத்தா' என்றால் மரப்பால். குட்டா பெர்ச்சா வேர்க்குழல் நிரப்பி. அதையும் மருந்து என்று எழுதக் கூடாது.